செயில்ஃபிஷ் போனில் தனியார் களஞ்சியத்தை எப்போது சேர்ப்பது, எப்படி மூடுவது

உங்கள் போனில் ஓடுவது யோலா நிறுவனத்தின் செயில்ஃபிஷ் என்ற லினக்ஸ் இயங்குதளம். ஒரு செயலி வேண்டும். அதன் கடையான யோலா ஸ்டோரில் தேடினால் இல்லை. யாரோ ஒருவர் தன் சொந்தக் களஞ்சியத்தின் (செயலிகளை வைத்திருக்கும் சர்வர் இடம்) முகவரியைத் தருகிறார், சேர்த்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். செயில்ஃபிஷ் போன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். நான் கடைப்பிடிக்கும் வழி இது: பலர் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் களஞ்சியம் எப்போதும் திறந்தே இருக்கட்டும், தனி ஆளின் களஞ்சியத்தை அந்த ஒரு செயலிக்காகத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே மூடிவிட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன், ஏன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் கட்டளையை மட்டும் தட்டினால் அடுத்த முறை வேறு மாதிரிச் சிக்கல் வரும்போது கை நின்றுவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் தந்திருக்கிறேன். எஸ்எஸ்யு என்றால் எஸ், எஸ், யு என்ற மூன்று எழுத்து, அவ்வளவுதான்.

களஞ்சியத்தைச் சேர்த்தால் உள்ளே என்ன நடக்கிறது

களஞ்சியம் என்பது ஒரு சர்வரில் இருக்கும் பொதிகளும் (செயலியை நிறுவ உதவும் கோப்புகள்) அவற்றின் பட்டியலும். நீங்கள் ஒன்றைச் சேர்த்ததும் போனில் இருக்கும் பொதி மேலாளர் அந்தப் பட்டியலை இறக்கி, ஏற்கெனவே உள்ள பட்டியல்களோடு கலந்து ஒரே பெரிய பட்டியலாக வைத்துக்கொள்கிறது. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். "நான் அந்த டார்ச் செயலிக்காகத்தானே சேர்த்தேன்" என்பது உங்கள் மனதில் இருக்கிறது, போனுக்கு அது தெரியாது. அந்த ஆள் அதே களஞ்சியத்தில் தான் திருத்திய ஒரு சிஸ்டம் லைப்ரரியையும் (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) வைத்திருந்தால், அதுவும் இப்போது உங்கள் போனுக்கு ஒரு சாத்தியமான மேம்படுத்தல்.

இரண்டாவது விஷயம் உரிமை. செயில்ஃபிஷ் பொதிகள் ஆர்பிஎம் என்ற வடிவத்தில் இருக்கும். ஆர்பிஎம் பொதிக்குள் நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கலாம், அவை ரூட் உரிமையோடு, அதாவது போனில் எதையும் மாற்றும் முழு உரிமையோடு ஓடும். செயலிகளை அடைத்துவைக்க செயில்ஃபிஷ் 4 வரிசையில் வந்த செயில்ஜெயில் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கட்டுப்படுத்துவது செயலி திறந்து ஓடும்போது. நிறுவும் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டை அது தடுக்காது. ஆக, ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது என்பது அதை நடத்துபவருக்கு உங்கள் போனின் ரூட் சாவியில் ஒரு நகல் கொடுப்பது. தெரிந்தவருக்குக் கொடுக்கலாம், தப்பில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

மூன்று கடைகள்

செயில்ஃபிஷில் மூன்று இடங்களிலிருந்து மென்பொருள் வருகிறது. முதலாவது யோலா ஸ்டோர். அதற்குள் போக ஹார்பர் என்ற வாசலைத் தாண்ட வேண்டும்: பொதியின் பெயர் "ஹார்பர்-" என்று தொடங்க வேண்டும், அனுமதித்த லைப்ரரிகளை மட்டும் பயன்படுத்தலாம், பின்னணியில் ஓடும் சேவைகளுக்கு இடமில்லை. கண்டிப்பான வாசல், அதனால் பாதுகாப்பு அதிகம், சரக்கு குறைவு.

இரண்டாவது செயில்ஃபிஷ்-சம். இது சமூகம் நடத்தும் பொதுக் களஞ்சியம். இங்கே யாரும் தன் கணினியில் கட்டிய பொதியைக் கொண்டுவந்து போட முடியாது. மூல நிரலைத் தர வேண்டும், ஓப்பன் பில்டு சர்வீஸ் என்ற கட்டமைப்பு அதை எல்லோருக்கும் தெரியும்படி சர்வரில் கட்டும், முதலில் சோதனைப் பகுதிக்குப் போய் அங்கிருந்துதான் முதன்மைப் பகுதிக்கு வரும். மூன்றாவது ஓப்பன்ரெப்போஸ். இது ஒரே தளம் என்றாலும் ஒரே களஞ்சியம் அல்ல. அங்கே ஆளுக்கு ஒரு களஞ்சியம், ஸ்டோர்மேன் செயலி வழியாக ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாகச் சேர்க்கிறீர்கள். பத்துப் பேருடைய செயலிகள் வேண்டுமென்றால் பத்துக் களஞ்சியம், பத்துப் பேர் கையில் சாவி. பார்வைக்கு ஒரு கடை போலவே இருப்பதால் இதைப் பலர் கவனிப்பதில்லை.

மேமோ காலத்தில் பட்டது

பொதுக் களஞ்சியமா, தனி ஆளுடையதா என்ற இந்தச் சண்டை செயில்ஃபிஷில் தொடங்கியது இல்லை. நோக்கியா 2005-ல் 770 என்ற கையடக்கக் கணினியை மேமோ இயங்குதளத்தோடு விட்டது, 2007-ல் என்800, என்810. அது டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்த தளம், அதனால் களஞ்சியம் நடத்துவது யாருக்கும் எளிது: ஒரு சர்வர் இடமும் கொஞ்சம் பொறுமையும் போதும். நிரலாளர்கள் ஆளாளுக்கு ஒன்று தொடங்கினார்கள். போதாததற்கு, இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட்டால் களஞ்சியத்தையும் சேர்த்துச் செயலியையும் நிறுவிவிடும் "இன்ஸ்டால்" கோப்பு வசதி வேறு இருந்தது. வசதியானதுதான், ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் பட்டியல் நீண்டது. ஒரே லைப்ரரி நாலு களஞ்சியத்தில் நாலு பதிப்பில் இருக்கும், எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் தெரியாது. ஒருவர் ஆர்வம் இழந்து சர்வரை நிறுத்தினால், அவருடைய முகவரியைச் சேர்த்திருந்த ஒவ்வொரு கருவியிலும் பட்டியல் புதுப்பிக்கும்போதெல்லாம் பிழைச் செய்தி.

அதற்கு அந்தச் சமூகம் கண்ட தீர்வு எக்ஸ்ட்ராஸ் என்ற பொதுக் களஞ்சியம். அதன் படிகளை இன்று யோசித்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. நிரலாளர் மூல நிரலை அனுப்புவார், ஆட்டோபில்டர் கட்டும், பொதி எக்ஸ்ட்ராஸ்-டெவல் பகுதிக்கு வரும். நிரலாளர் தயார் என்று நினைத்தால் எக்ஸ்ட்ராஸ்-டெஸ்டிங் பகுதிக்கு உயர்த்துவார். அங்கே 10 நாள் காத்திருக்க வேண்டும், சோதித்துப் பார்த்தவர்களிடமிருந்து 10 புள்ளிகள் வர வேண்டும், அதற்குப் பிறகே எக்ஸ்ட்ராஸ்.

இந்தச் சோதனையில் எதைப் பார்த்தார்கள் என்பது முக்கியம். 2009-ல் வந்த என்900 போனில் இயங்குதளம் உட்காரும் ரூட் பகுதி இருந்த ஃபிளாஷ் 256 எம்பி, அதன் பக்கத்தில் 32 ஜிபி உள்நினைவகம். சாதாரண லினக்ஸ் பொதியை அப்படியே கொண்டுவந்தால் அது அந்த 256 எம்பிக்குள் போய் உட்காரும். அதனால் பெரிய கோப்புகளை ஆப்ட் (opt) என்ற அடைவுக்கு (ஃபோல்டர்), அதாவது பெரிய நினைவகப் பக்கம், நகர்த்த வேண்டும் என்று விதி வைத்தார்கள். டெஸ்டிங் பகுதியில் இதைச் சரிபார்க்காமல் பொதி வெளியே போகாது. தனியார் களஞ்சியத்தில் இதைப் பார்க்க ஆள் இல்லை, ஆகவே நாலு பெரிய பொதி நிறுவினால் ரூட் பகுதி நிரம்பி போன் தடுமாறும். இத்தனைக்கும் அந்தப் பொதி செய்தவர் நல்லவர், திறமையானவர். இன்னொரு கண் பார்க்கவில்லை, அதுதான் குறை.

அப்புறம் 2011-ல் நோக்கியா என்9 வந்தபோது ஏஜிஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு, அதிக நம்பிக்கை உள்ள இடத்திலிருந்து வந்த பொதியைக் குறைந்த நம்பிக்கை உள்ள இடத்திலிருந்து வரும் பொதி மாற்ற முடியாதபடி தடுத்தது. கைக்கட்டு என்று பலர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான். ஆனால் "இந்தப் பொதி எங்கிருந்து வந்தது" என்பதை போன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் சரியானது, இன்று நம் போனில் அந்த வேலையை நாமே கையால் செய்துகொள்கிறோம்.

சரி, இப்போது கையில் இருக்கும் போன்

அமைப்புகளில் டெவலப்பர் கருவிகளுக்குள் போய் டெவலப்பர் முறையை இயக்கி ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். முனையத்தை (டெர்மினல்) திறந்து "எஸ்எஸ்யு எல்ஆர்" தட்டுங்கள். உங்கள் போனில் உள்ள களஞ்சியங்கள் எல்லாம் வரிசையாக வரும், இயக்கத்தில் இருப்பவை தனியாக, மூடியவை தனியாக. "ஓப்பன்ரெப்போஸ்-" என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தனி மனிதர் இருக்கிறார். அவர் யார், எந்தச் செயலிக்காக அவருடையதைச் சேர்த்தீர்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவற்றை இப்போதே மூடிவிடலாம்: "டெவல்-எஸ்யு" (devel-su) போட்டு ரூட் ஆகி, "எஸ்எஸ்யு டிஆர்" என்று தட்டி இடைவெளி விட்டு களஞ்சியத்தின் பெயர். மறுபடி திறக்க "எஸ்எஸ்யு இஆர்". அடியோடு நீக்க "எஸ்எஸ்யு ஆர்ஆர்". மூடினால் ஏற்கெனவே நிறுவிய செயலி போய்விடாது, அது பாட்டுக்கு ஓடும், அந்த இடத்திலிருந்து புதிய பதிப்பு மட்டும் வராது.

சம் களஞ்சியத்தை ஒருமுறை நிறுவித் திறந்தே விடுங்கள். அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது, தேடுவது, நிறுவுவது, புதுப்பிப்பது எல்லாம் அதிலேயே முடியும். ஒவ்வொரு செயில்ஃபிஷ் பதிப்புக்கும், 32 பிட் 64 பிட் ஒவ்வொன்றுக்கும், தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதால் உங்கள் பதிப்புக்குப் பொருந்தாத லைப்ரரி வந்து மாட்டிக்கொள்வது அரிது.

வேண்டிய செயலி அங்கும் இல்லை, ஒருவருடைய தனிக் களஞ்சியத்தில்தான் இருக்கிறது என்றால், களஞ்சியத்தைச் சேர்க்கும் முன்னால் அந்த ஒரு ஆர்பிஎம் கோப்பை மட்டும் இறக்கிப் பாருங்கள், ஓப்பன்ரெப்போஸில் அதற்கு வழி இருக்கிறது. கோப்பு இருக்கும் அடைவில் "ஆர்பிஎம் -க்யூபிஎல்" என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்த இடத்தில் என்னென்ன கோப்பு வைக்கப்போகிறது என்ற பட்டியல் வரும். ஒரு சாதாரண செயலிக்கு ஒரு இயங்கு கோப்பு, தன் பெயரில் ஒரு அடைவு, படவுருக்கள், ஒரு டெஸ்க்டாப் கோப்பு, இவ்வளவு போதும். வானிலை காட்டும் செயலி சிஸ்டம் லைப்ரரி அடைவில் எதையாவது வைத்தால் நிறுத்திவிட்டு அவரிடமே கேளுங்கள். அடுத்து "ஆர்பிஎம் -க்யூபி --ஸ்கிரிப்ட்ஸ்". நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளை அப்படியே காட்டும். பெரும்பாலும் நாலு வரி இருக்கும், இல்லை ஒன்றுமே இருக்காது. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், எங்கிருந்தோ எதையோ இறக்கும் வரி இருந்தால் கண்ணில் படும்.

சின்னச் செயலி, சார்புகள் (அது ஓடத் தேவையான மற்ற பொதிகள்) எல்லாம் போனிலேயே இருக்கின்றன என்றால் களஞ்சியமே வேண்டாம். அமைப்புகளில் நம்பகமற்ற மென்பொருளை அனுமதிக்கும் தேர்வை இயக்கி, அந்தக் கோப்பை மட்டும் நிறுவி, தேர்வை மறுபடி அணைத்துவிடுங்கள். புதிய பதிப்பு தானாக வராது என்பது இதன் விலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாமே போய்ப் பார்த்தால் போதும். பிணையத்தோடு பேசும் செயலி, கடவுச்சொல் வைத்திருக்கும் செயலி என்றால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் உடனுக்குடன் வர வேண்டும்.

சார்புகளும் அதே களஞ்சியத்திலிருந்துதான் வர வேண்டும் என்றால் சேர்க்கத்தான் வேண்டும். அப்படிச் சேர்த்தால் நிறுவும் முன்னால் ஒத்திகை பாருங்கள். "பிகேகான் இன்ஸ்டால் ஸிப்பர்" (pkcon install zypper) என்று ஸிப்பர் என்ற பொதி மேலாண்மைக் கருவியை நிறுவிக்கொண்டு, "ஸிப்பர் இன்ஸ்டால் --டிரை-ரன்" (--dry-run) என்று தட்டிச் செயலியின் பெயரைக் கொடுத்தால், எதையும் தொடாமல் என்னவெல்லாம் வரப்போகிறது என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு கட்டளை என்னைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன்.

இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் 2016-ல் 5,499 ரூபாய்க்கு வந்ததே, செயில்ஃபிஷ் போட்ட போன், அதில்தான் நான் செயில்ஃபிஷ் பழகினேன். ஒருநாள் குறிப்பு எழுதும் செயலி ஒன்றை நிறுவப் போனால், ஒத்திகைப் பட்டியலில் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டும் வந்து நின்றது. வேறொருவர் களஞ்சியத்திலிருந்து. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடிய பிறகுதான் புரிந்தது: அந்த விளையாட்டுக்காரர் தனக்கு வேண்டிய ஒரு லைப்ரரியைத் தன் பொதிக்குள்ளேயே வைத்திருக்கிறார், ஆர்பிஎம் கட்டும்போது அதைத் தானாகக் கண்டுபிடித்து "இந்த லைப்ரரியை நான் தருகிறேன்" என்று பொதியின் மேல் எழுதிவிட்டது. குறிப்புச் செயலி அதே லைப்ரரியைக் கேட்டது. கணக்குப் போட்ட பொதி மேலாளர் விளையாட்டை இழுத்துவந்தது. நிறுவியிருந்தால் பின்னால் விளையாட்டை நீக்கும்போது குறிப்புச் செயலியும் போயிருக்கும், ஏன் போனது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். இதில் யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஒருவர் பொதியை இன்னொருவர் பொதியோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் இடமே இல்லாததால் வந்தது இது. பொதுக் களஞ்சியத்தில் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் இப்படிப்பட்டது வெளியே தெரிய வாய்ப்பு அதிகம், தெரிந்தால் திருத்தவும் ஆள் உண்டு.

ஒத்திகைப் பட்டியலில் நீங்கள் கேட்டதும் அதன் நேரடிச் சார்புகளும் மட்டும் இருந்தால் நிறுவுங்கள். முடிந்ததும் "எஸ்எஸ்யு டிஆர்". இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஸிப்பர் ஒரு வெண்டரின் பொதியை இன்னொரு வெண்டரின் பொதியால் தானாக மாற்றாது, அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. இயல்பாக அது மாற்றாதுதான், ஆனால் வெண்டர் என்பது பொதி கட்டுபவர் எழுதும் ஒரு சொல், அடையாள அட்டை கிடையாது. இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது.

இயங்குதளத்தை மேம்படுத்தும் நாள்

இந்த நாளில்தான் அதிகமான போன்கள் சிக்கிக்கொள்கின்றன. மேம்படுத்தும் முன்னால் ஓப்பன்ரெப்போஸ் களஞ்சியங்கள் ஒன்று விடாமல் மூடியிருக்கின்றனவா என்று "எஸ்எஸ்யு எல்ஆர்" போட்டுப் பாருங்கள். சிஸ்டம் கோப்புகளில் சின்னச் சின்னத் திருத்தங்களை (பேட்ச்) ஒட்டும் பேட்ச்மேனேஜர் வைத்திருந்தால் எல்லா பேட்ச்களையும் கழற்றுங்கள். சிஸ்டம் லைப்ரரியை மாற்றும் பொதி ஏதாவது நிறுவியிருந்தால் அதை நீக்கி மூலப் பதிப்புக்குத் திரும்புங்கள். நகல் எடுத்து வையுங்கள். பழைய பதிப்பில் நிற்கிறீர்கள் என்றால் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போக முயலாதீர்கள், தாண்டக் கூடாத இடைநிறுத்தப் பதிப்புகள் என்று சில உண்டு, ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். எல்லாம் முடிந்து போன் எழுந்த பிறகு முதலில் சம் களஞ்சியம் புதிய பதிப்பின் முகவரிக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைப் புதுப்பியுங்கள். தனி ஆட்களுடையதைத் திறக்க ஒரு வாரம் பொறுங்கள், அவர்களும் புதிய பதிப்புக்குக் கட்டி முடிக்க நேரம் வேண்டும்.

மோபியன், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு

இவை இரண்டும் போனுக்கான வேறு லினக்ஸ் இயங்குதளங்கள். மோபியன் டெபியன் வழி, ஆகவே எந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை என்று எண்ணால் சொல்லும் ஆப்ட் (apt) பின்னிங் இருக்கிறது. வெளிக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை எண் 100 கொடுங்கள். இயல்பான எண் 500, அதனால் அதே பொதி டெபியனிலும் இருந்தால் டெபியன்தான் ஜெயிக்கும், அங்கே இல்லாதது மட்டும் வெளியிலிருந்து வரும். கையொப்பச் சாவியை எல்லாக் களஞ்சியத்துக்கும் பொதுவான இடத்தில் போடாமல் "சைன்ட்-பை" வரியில் அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் கட்டிவையுங்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆல்பைன் என்ற லினக்ஸ் வழி, அதில் இன்னும் அழகான வசதி உண்டு: களஞ்சிய வரியின் முன்னால் @ குறியோடு ஒரு பெயர் வைத்துவிட்டால், நீங்கள் அந்தப் பெயரைச் சேர்த்துக் கேட்கும் பொதியும் அதன் சார்புகளும் தவிர வேறெதையும் அங்கிருந்து எடுக்காது. செயில்ஃபிஷில் நாம் திறந்து மூடிக் கையால் செய்வதை அங்கே ஒரு குறி செய்துவிடுகிறது.

நீங்களே பொதி செய்கிறீர்கள் என்றால்

தனிக் களஞ்சியம் தொடங்க உங்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். அரைகுறைப் பதிப்பை நாலு நண்பர்களிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும், ஹார்பர் அனுமதிக்காத பின்னணிச் சேவை இருக்கிறது, யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க மனமில்லை. செய்யுங்கள். ஆனால் சோதனை முடிந்து நிலையான பதிப்பு வந்ததும் சம் பக்கம் கொண்டுவாருங்கள்: மூல நிரல் எல்லோரும் பார்க்கும் கிட் (நிரலைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கருவி) இடத்தில், பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பு ஒன்று, ஓப்பன் பில்டு சர்வீஸில் ஒரு கணக்கு, அங்கே உங்கள் பொதியைக் கட்டிப் பார்த்துவிட்டு சோதனைப் பகுதிக்கு விண்ணப்பம். முதல் முறை ஒரு சனி ஞாயிறு போகும். அதற்குப் பிறகு புதிய செயில்ஃபிஷ் பதிப்பு வரும்போது மறுபடி கட்டும் சுமையை அந்தச் சர்வர் ஏற்றுக்கொள்ளும், நாளைக்கு உங்களுக்கு நேரம் இல்லாமல் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்த மூல நிரல் அங்கே இருக்கும்.

தனிக் களஞ்சியத்தையே வைத்திருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். லைப்ரரியை உள்ளே வைத்தால் உங்கள் செயலியின் சொந்த அடைவுக்குள் வையுங்கள், ஸ்பெக் கோப்பில் அந்த அடைவைத் தானியங்கி அறிவிப்பிலிருந்து விலக்கும் வரியையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நடப்பது அந்த விளையாட்டுக் கதைதான். இரண்டாவது, சோதனைப் பதிப்பு எண்ணில் ~ குறியைப் பயன்படுத்துங்கள். 1.4~பீட்டா1 என்பது 1.4-க்கு முந்தியது என்று ஆர்பிஎம்மும் டெபியனும் எடுத்துக்கொள்ளும். 9.9 என்று பெரிய எண் போட்டு உங்கள் பொதியை ஜெயிக்க வைக்காதீர்கள், பின்னால் அதைவிட நல்ல பதிப்பு பொதுக் களஞ்சியத்தில் வந்தாலும் உங்கள் பயனருக்கு அது போய்ச் சேராது.

கைவிட்ட களஞ்சியங்கள்

தனிக் களஞ்சியம் நடத்தும் ஒருவர் விலகிப் போனால் இணைய முகவரி காலாவதி ஆகலாம், அந்த முகவரியை வேறு யாரும் வாங்கலாம், உங்கள் போன் இன்னமும் அதையே தட்டிக்கொண்டிருக்கும். அதனால் நான் மாதம் ஒருமுறை இரண்டு கட்டளை போடுகிறேன். "பிகேகான் ரெஃப்ரெஷ்" போட்டு எந்தக் களஞ்சியம் பதில் தரவில்லை என்று பார்த்து, இரண்டு மாதம் தொடர்ந்து பதில் இல்லை என்றால் "எஸ்எஸ்யு ஆர்ஆர்" போட்டு நீக்குகிறேன். அடுத்து "ஸிப்பர் பேக்கேஜஸ் --ஆர்ஃபன்ட்" (zypper packages --orphaned). போனில் நிறுவி இருந்து, இயக்கத்தில் உள்ள எந்தக் களஞ்சியமும் இப்போது தராத பொதிகளை இது காட்டும். மூடி வைத்த களஞ்சியத்திலிருந்து தெரிந்தே எடுத்தவையும் இதில் வரும், அவற்றை விட்டுவிடலாம். மற்றவற்றுக்கு சம் களஞ்சியத்தில் அதே செயலி வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பழையதை நீக்கிவிட்டு அங்கிருந்து நிறுவுங்கள், செயலியின் தரவு வீட்டு அடைவில் இருப்பதால் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனாலும் நீக்கும் முன்னால் அந்த அடைவை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.